மலர் எது, இதழ் எது?

குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் வெளியீடுகளைக் குறிக்கத் தமிழில் இருக்கும் சொற்களை எழுத ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பத்திரிகை, இதழ், சஞ்சிகை, ஏடு, தாள், மலர் ஆகியவை அடிப்படைச் சொற்கள். கால அளவைச் சேர்த்தால் தினசரி, நாளிதழ், நாளேடு, வார இதழ், கிழமை இதழ், மாதமிருமுறை, திங்களிதழ், காலாண்டிதழ், ஆண்டு மலர். அளவையும் நோக்கத்தையும் சேர்த்தால் சிறுபத்திரிகை, சிற்றிதழ், இடைநிலை இதழ், வெகுஜனப் பத்திரிகை. அண்மைக் காலமாக மின்னிதழ், இணைய இதழ்.

நம் கட்டுரைகளில் இவற்றை ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாகவே பெரும்பாலும் எழுதுகிறோம். முதல் பத்தியில் பத்திரிகை, அடுத்ததில் இதழ், பிறகு ஏடு. ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் இருக்க இது ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் இச்சொற்கள் ஒவ்வொன்றும் வேறொரு வரலாற்றிலிருந்தும் வேறொரு ஊரிலிருந்தும் வந்தவை. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதால் நடைமுறையில் ஒரு சேதம் நேர்கிறது என்பது என் எண்ணம். புலம்பெயர்ந்த நாடுகளில் 1980களிலிருந்து வந்த எழுத்துகளைத் தேடுபவர்கள் அந்தச் சேதத்தை நேரடியாகச் சந்திக்கிறார்கள்.

வேர்களிலிருந்து தொடங்கலாம். பத்திரிகை என்பது இலையைக் குறிக்கும் பத்ரம் என்ற வடசொல்லின் வழி வந்தது. வீட்டுப் பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் அதே குடும்பம். ஏடு பனையோலையிலிருந்து வந்தது. இதழ் என்றதும் நமக்குப் பூவிதழ்தான் நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பிய மரபியலில் புல் என்ற வகைக்கு உரிய உறுப்புப் பெயர்களைச் சொல்லும் இடத்தில் ஓலை, ஏடு, இதழ் ஆகிய சொற்கள் அருகருகே வருகின்றன. வெளிப்புறம் வைரம் பாய்ந்த பனையும் தெங்கும் அந்த இலக்கணத்தில் புல் வகை. எனவே இதழுக்கும் ஏட்டுக்கும் உள்ள உறவு அச்சு இயந்திரத்துக்கு மிக முந்தியது. தனித்தமிழ் இயக்கத்தார் பத்திரிகையை விலக்கி இதழையும் ஏட்டையும் முன்னிறுத்தியபோது வடமொழி இலை போய்த் தமிழ் ஓலை வந்தது. உருவகம் அப்படியே இருந்தது.

சஞ்சிகை மட்டும் இந்தத் தோட்டத்தைச் சேர்ந்ததல்ல. சேர்த்துக் குவித்தல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. சேர்ந்து கிடக்கும் பழவினையைச் சஞ்சிதம் என்கிறோமே, அதற்கு உறவு. இந்தியில் இதே சொல் இன்று அலுவலகக் கோப்பைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் மேகசின் என்ற சொல்லும் அரபு மொழியில் பண்டகசாலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். லண்டனில் 1731இல் தொடங்கிய ஜென்டில்மன்ஸ் மேகசின் அதை ஒரு வெளியீட்டின் பெயராக ஆக்கியது. பல கைகள் எழுதியதை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது என்ற எண்ணத்தைச் சொல்லும் தமிழ் வழக்குச் சொல் நம்மிடம் சஞ்சிகை ஒன்றுதான். இலையும் ஓலையும் எழுதப்படும் பொருளைச் சொல்கின்றன. சஞ்சிகை, தொகுக்கும் செயலைச் சொல்கிறது. ஒரு இலக்கிய வெளியீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவன். அங்கே பத்திரிகை என்ற சொல் எல்லாவற்றையும் தன்னுள் போட்டுக்கொள்ளும். தினத்தந்தியும் பத்திரிகை, ஆனந்த விகடனும் பத்திரிகை, சி.சு. செல்லப்பாவின் எழுத்தும் பத்திரிகை. சஞ்சிகை நூலகத்துப் பழைய பக்கங்களில் மட்டும் காணக்கிடைத்த சொல். அதை உயிருள்ள பேச்சில் நான் கேட்டது டொராண்டோவுக்கு வந்த பிறகு. யாழ்ப்பாணத்து மூத்த நண்பர் ஒருவர் தன் இளமையைப் பற்றிச் சொன்னார்: “பகலில பத்திரிகையில வேலை தம்பி, இரவில சஞ்சிகை வேலை.” அவருக்கு இரண்டும் வேறு வேறு தொழில், வேறு வேறு வாழ்க்கை. சம்பளம் வந்தது பத்திரிகையிலிருந்து. அந்தச் சம்பளம் போனது சஞ்சிகைக்கு.

ஈழத்து வழக்கு இந்த எல்லையைத் தெளிவாக வைத்திருக்கிறது. 1841இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகை, 1930இல் வந்த வீரகேசரி, 1959இல் வந்த ஈழநாடு ஆகியவை பத்திரிகைகள். 1946இல் தொடங்கிய மறுமலர்ச்சி, டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை, 1975இல் வந்த அலை ஆகியவை சஞ்சிகைகள். செய்தியைச் சுமப்பது ஒன்று, எழுத்தைச் சேர்ப்பது மற்றொன்று.

தமிழ்நாட்டில் இந்த எல்லை ஏன் அழிந்தது என்பதற்கு நான் முழு விடை சொல்லப் போவதில்லை. ஆனால் சட்டமும் அதே திசையில் இருந்தது என்பதைக் கவனிக்கலாம். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் வந்த 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், பொதுச் செய்தியையோ அதைப் பற்றிய கருத்தையோ தாங்கி வரும் எந்தப் பருவ வெளியீட்டையும் நியூஸ்பேப்பர் என்றே வரையறுத்தது. மாதம் ஒருமுறை வந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் செய்தித்தாள். 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் செயலுக்கு வரும் வரை இந்தியாவில் அதுவே நடைமுறை. பதிவு செய்ய வசதியோ பொறுமையோ இல்லாத சிற்றிதழ்கள் பல “தனிச்சுற்றுக்கு மட்டும்” என்ற வரியை உள்ளே போட்டுக்கொண்டு வெளிவந்தன. ஐம்பது பேர் படிக்கும் கவிதை இதழுக்கு அந்த வரி சட்டப் பாதுகாப்பு. பிற்காலத்து வாசகருக்கு அதுவே அந்த இதழின் சமூக நிலையைக் காட்டும் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

இனி இக்கட்டுரையின் தலைப்பில் உள்ள கேள்வி. பெரும்பாலான தமிழ் இதழ்களில் மலர் என்பது ஆண்டுத் தொகுதி, இதழ் என்பது அதன் ஒரு வெளியீடு. மலர் 4, இதழ் 7 என்றால் நான்காம் ஆண்டின் ஏழாவது வெளியீடு. பூவுக்குள் இதழ் அடங்குவதால் உருவகம் நன்றாகவே பொருந்துகிறது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதையே அலங்காரம் இல்லாமல் தொகுதி, பகுதி என்று போட்டது.

பிறகு வந்த தமிழ் அமைப்புகளின் இதழ்கள் தத்தம் பெயருக்கேற்ற சொற்களைத் தேடின. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் செந்தமிழ்ச் செல்வி, செல்வியின் காலில் சிலம்பு பூட்டியது: சிலம்பு ஆண்டுத் தொகுதி, அதனுள் இருக்கும் பரல் தனி வெளியீடு. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப் பொழில், பொழிலுக்கு ஏற்பத் துணர், மலர் என்று எண்ணியது. துணர் என்றால் கொத்து. பாரதிதாசனின் குயில், குரல் என்றும் இசை என்றும் எண்ணியது. பெருஞ்சித்திரனாரின் தென்மொழி, சுவடி, ஓலை என்று பனைமரத்துக்கே திரும்பியது.

இந்தப் பெயர்களைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. வேறு மொழிகளில் எண்ணும் சுருக்கக் குறியும் மட்டும் நிற்கும் இடத்தில் நம்மவர்கள் சிலம்பையும் பரலையும் வைத்தார்கள். ஒரு மாதத்து வெளியீடு என்பது தனித்து நின்றால் ஒரு சிறு கல், சிலம்புக்குள் இருந்தால்தான் ஒலிக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இதழியல் குறித்து ஒரு கட்டுரையே எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் விமர்சனமும் உண்டு. தமிழ்ப் பொழிலில் மலர் என்றால் தனி வெளியீடு. மற்ற இதழ்களில் மலர் என்றால் ஆண்டுத் தொகுதி. ஒரு ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் “மலர் 4” என்று மட்டும் இருந்தால் அது நான்காம் ஆண்டா, ஆண்டின் நான்காவது வெளியீடா? இதழின் மரபை அறிந்தவருக்குத்தான் விடை தெரியும். இதோடு மூன்றாவது மலர் ஒன்றும் இருக்கிறது: தீபாவளி மலர், பொங்கல் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நாளிதழோடு இணைப்பாக வரும் வாரமலர், சிறுவர் மலர். நான்காவதாக, ஈழத்தவர் வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாளில் கொடுக்கப்படும் நினைவு மலர். கல்வெட்டு என்றும் அதைச் சொல்வார்கள். பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், சிதறிப் போன உறவுகள் எல்லாம் அதில் பதிவாகின்றன. ஒரே முறை வெளிவருவதால் அது பருவ வெளியீடு ஆகாது. ஆனாலும் பெயர் அதே மலர்தான்.

கால அளவைச் சொல்லும் முன்னொட்டுகளில் தமிழ் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலி. ஆங்கிலத்தில் பைமந்த்லி என்றால் மாதம் இரண்டு முறையா, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையா என்று அகராதிகளே இரண்டு பொருளையும் தருகின்றன. நம்மிடம் மாதமிருமுறை வேறு, இருமாத இதழ் வேறு. சந்தேகத்துக்கு இடமில்லை. கிழமை என்ற சொல் மட்டும் கடல் தாண்டினால் மாறும். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்னும் நாள். யாழ்ப்பாணத்தில் “வாற கிழமை” என்றால் அடுத்த வாரம். குயில் தன்னைக் கிழமை இதழ் என்று சொன்னபோது சென்னை வாசகருக்கு அது தனித்தமிழாக ஒலித்திருக்கும். யாழ்ப்பாண வாசகருக்கு அது வீட்டுப் பேச்சு.

முன்னொட்டு ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி மாறும் விதத்தில் ஒரு இதழின் வாழ்க்கை தெரியும். சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. வாசகர் கூடியதையும் அரசியல் சூடேறியதையும் அந்த மாற்றம் காட்டுகிறது. மணிக்கொடி 1933இல் வார இதழாகத் தொடங்கி, பிறகு மாதமிருமுறை வரும் சிறுகதை இதழாக உருமாறியது. அரசியலும் கலையும் கலந்த ஒன்று இலக்கியத்துக்கு மட்டுமே இடம் கொடுத்த ஒன்றாக ஆனது. நாம் இன்று மணிக்கொடி என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது உருவம்தான். எழுத்து 1959இல் மாத இதழாகத் தொடங்கிக் கடைசி ஆண்டுகளில் காலாண்டிதழாகி, 1970இல் 119 இதழ்களோடு நின்றது. இடைவெளி நீளும்போது ஆசிரியரின் கைப்பணம் கரைவதை நாம் கேட்க முடியும். காலச்சுவடு 1988இல் காலாண்டிதழாகத் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி எழுந்து, இன்று மாத இதழாக வருகிறது. எதிர்த்திசைப் பயணமும் நடக்கக்கூடியதே.

என் தொழில் தரவுத்தளங்களைச் சார்ந்தது. அதனால் நூலகங்கள் இந்த வாக்குறுதியை எப்படிப் பதிவு செய்கின்றன என்று பார்க்கும் ஆர்வம் எனக்கு உண்டு. உலகின் பல நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பட்டியல் வடிவத்தில் 008 என்ற புலம் இருக்கிறது. அதன் 18ஆம் இடத்தில் கால அளவுக்கு ஒரே ஒரு எழுத்து: நாளிதழுக்கு டி, வார இதழுக்கு டபிள்யூ, மாத இதழுக்கு எம், காலாண்டிதழுக்கு க்யூ. அடுத்த 19ஆம் இடம் ஒழுங்கைக் குறிக்கும். ஆர் என்றால் சொன்னபடி வருவது. எக்ஸ் என்றால் முற்றிலும் ஒழுங்கற்றது. பழைய கால அளவை எழுதி வைக்க 321 என்று தனிப் புலமும் உண்டு. எழுத்தின் களைப்பும் சுதேசமித்திரனின் வளர்ச்சியும் அந்தப் புலத்தில் ஒரு வரியாக அடங்கிவிடும்.

தமிழ்ச் சிற்றிதழ்களில் பாதிக்கு மேல் எக்ஸ்தான் போட வேண்டியிருக்கும் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அட்டையில் காலாண்டிதழ் என்று போட்டுவிட்டு ஏழு மாதம் கழித்து வரும் இதழை நான் ஏமாற்று என்று நினைப்பதில்லை. அந்தச் சொல் அங்கே ஆசிரியர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கெடு. அது இல்லாவிட்டால் ஏழு மாதம் கழித்தும் இதழ் வந்திருக்காது. ஒழுங்கற்று வருவதை நான் மன்னிப்பேன். வந்த தேதியைப் போடாமல் விடுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

புலம்பெயர்ந்தோர் இதழ்களில் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. ஜெர்மனியின் தூண்டில், நார்வேயின் சுவடுகள், சக்தி, சுவிட்சர்லாந்தின் மனிதம், நெதர்லாந்தின் அ ஆ இ, பாரிஸின் ஓசை, எக்ஸில், உயிர்நிழல், டொராண்டோவில் 1990இல் தொடங்கிய காலம் என்று அந்த வரிசை நீளும். தொடக்க காலத்தில் பல இதழ்கள் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் போட்டோகொப்பி எடுத்தும் வந்தவை. பகலில் உணவகத்துச் சமையலறையில் நின்றவர்கள் இரவில் பக்கங்களை மடித்தார்கள். அகதி வாழ்க்கை, சாதி, பெண்களின் நிலை, இயக்கங்களின் வன்முறை ஆகியவற்றைப் பற்றி ஊரில் அச்சேற்ற முடியாத பல விஷயங்கள் அங்கே முதலில் பேசப்பட்டன. அவற்றைச் சட்டம் எப்படி வகைப்படுத்தும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கவில்லை. சிலர் இதழ் என்றார்கள், சிலர் சஞ்சிகை என்றார்கள், சிலர் எதுவும் சொல்லவில்லை. சில பிரதிகளில் எண் இருக்கும், ஆண்டு இருக்காது. சிலவற்றில் மாதம் இருக்கும், எண் இருக்காது.

அன்று அது பெரிய விஷயம் அல்ல. கையில் வாங்கியவருக்கு அது எந்த மாதம் என்று தெரியும். இன்று அந்தப் பிரதி ஒரு பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரும்போது, ஒரு விவாதத்தில் யார் முதலில் பேசினார், யார் மறுத்தார் என்பதையே நிறுவ முடியாது. ஒரு படுகொலையைக் கண்டித்த கட்டுரை நடந்த உடனே வந்ததா, மூன்று ஆண்டு கழித்து, ஆபத்து விலகிய பின் வந்ததா என்பது சாதாரண நூலகக் கேள்வி அல்ல. அதை எழுதியவரின் துணிச்சலை அளக்கும் கேள்வி.

2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் இந்தத் துறையில் செய்திருக்கும் பணி பெரிது. அதன் பகுப்புகளைப் பாருங்கள்: நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், நினைவு மலர்கள், சிறப்பு மலர்கள். இதழையும் பத்திரிகையையும் பிரித்தது ஈழத்துக் காதுக்கு இயல்பானது. சிறுபத்திரிகை என்ற தமிழ்நாட்டுச் சொல்லோடு தேடி வருபவர் பத்திரிகைப் பகுப்பைத் திறந்தால் செய்தித்தாள்களைத்தான் காண்பார். நினைவு மலருக்குத் தனி இடம் கொடுத்தது என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு வெளியீட்டு வகையை, அது நம் சமூகத்தில் ஆவணமாக இயங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றுக்கொண்ட முடிவு அது. சொல்லை மதித்ததால் பொருள் காப்பாற்றப்பட்டது.

இரண்டாம் தலைமுறை வாசகருக்கு இது இன்னும் முக்கியம். தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஒருவர், தன் தாயார் எழுதிய கவிதை ஏதோ ஒரு மலரில் வந்தது என்ற செய்தியோடு தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மலர் பள்ளி ஆண்டு மலரா, இதழின் ஆண்டுத் தொகுதியா, இரங்கல் நூலா? அவர் கையில் இருப்பது ஒரு சொல் மட்டும். அந்தச் சொல்லின் நான்கு பொருளையும் யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் அவர் சரியான கதவைத் தட்ட முடியும்.

கடைசியாக மின்னிதழ். உலக அளவில் தொடர் வெளியீடுகளுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் என்ற 8 இலக்க அடையாள எண் அச்சு வடிவத்துக்கு ஒன்று, இணைய வடிவத்துக்கு வேறொன்று. நூலகத்தார் கண்ணில் அவை இரண்டு வெளியீடுகள். நாம் இரண்டையும் ஒரே இதழ் என்கிறோம். உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும்வரை அதில் தவறில்லை. என் தயக்கம் வேறு இடத்தில். கட்டுரை தயாரானதும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டே போகும் தளத்தையும் நாம் இதழ் என்றே அழைக்கிறோம். இதழ் என்பது ஒரு நாளில் மூடப்படுவது. ஆசிரியர் இது போதும் என்று முடிவு செய்து, எது முதலில், எது கடைசியில் என்று அடுக்கிக் கதவைச் சாத்துகிறார். மூடப்பட்டதால்தான் அடுத்த இதழில் ஒருவர் “சென்ற இதழில் வந்த கட்டுரை” என்று தொடங்கி மறுக்க முடிகிறது. புதுக்கவிதை பற்றிய விவாதம் எழுத்து இதழில் ஆண்டுக்கணக்கில் நடந்தது அந்த இடைவெளிகளின் பலத்தில்தான். மறுப்பவருக்கு யோசிக்க ஒரு மாதம் கிடைத்தது.

இணையத்திலும் இது சாத்தியம் என்பதற்குச் சான்று உண்டு. 2009இல் தொடங்கிய சொல்வனம் ஒவ்வொரு இதழுக்கும் எண் கொடுத்து மாதமிருமுறை வருகிறது. மலேசியாவின் வல்லினம் அச்சிலிருந்து இணையத்துக்குப் போன பின்னும் இதழாகவே தொடர்ந்தது. காகிதம் போனாலும் இதழ் இருக்கும். மூடும் நாள் போனால் அது வேறு ஏதோ ஒன்று. அதற்கு வேறு பெயர் வைப்பதே நியாயம். வலைத்தளம் என்ற சொல்லில் ஒரு குறைவும் இல்லை.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது எளிமையானது. சிலம்பு, பரல், துணர் என்று எத்தனை அழகாக வேண்டுமானாலும் எண்ணுங்கள். பக்கத்திலேயே ஆண்டு, மாதம், தொடர் எண் மூன்றையும் வெறும் எண்களில் போடுங்கள். மின் வடிவில் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அதே மூன்றும் இருக்கட்டும், ஏனென்றால் அங்கே அட்டையைப் பார்த்து யாரும் உள்ளே வருவதில்லை. உங்கள் வெளியீடு சஞ்சிகை என்றால் தயங்காமல் சஞ்சிகை என்றே எழுதுங்கள். ஈழத்தவர் காப்பாற்றி வைத்திருக்கும் அந்தச் சொல்லை இதழ் என்ற பொதுச் சொல்லில் கரைப்பதற்குத் தூய்மை ஒரு காரணமாகப் போதாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு நிலவறையில் அந்தக் காலத்து இதழ்கள் கிடந்தால், அவற்றை மின்னூலகத்துக்கு அனுப்புவதற்கு முன், தேதி இல்லாத பிரதியின் உள்ளட்டையில் உங்களுக்கு நினைவிருக்கும் ஆண்டையும், அதை எங்கே யாரிடம் வாங்கினீர்கள் என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள். அதை எழுதக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.